பதினொரு நாள் பயணமும் ஒன்பது வயது முயலும்

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

எங்கள் வீட்டு முயல் சிட்டுவுக்கு 9 வயது முடிந்துவிட்டது. மகள் நான்காம் வகுப்பு படிக்கும்போது வாங்கினோம். இப்போது மகள் கோவையில் கல்லூரியில் இருக்கிறாள். மே 10 முதல் 20 வரை மாமியாரை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு காசிக்குப் போகிறோம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சிட்டுவுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது. பின்னங்கால் மூட்டு தேய்ந்திருப்பதால் தினமும் காலையில் வலி மருந்து கொடுக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைவாய்ப்பல்லை ராவ வேண்டும். எடை 1.8 கிலோ. எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு நாய் ஹாஸ்டல் இருக்கிறது. ஏசி உண்டு, கேமரா வழியாகப் போனில் பார்க்கலாம், முயலையும் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். நாத்தனார் வீடு திருமங்கலத்தில். அங்கே இரண்டு பிள்ளைகளும் ஒரு நாயும் உண்டு. மூன்றாவது, கீழ் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா. காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். சிட்டுவுக்கு அவரை நன்றாகத் தெரியும். என் கணவர் ஹாஸ்டல்தான் பாதுகாப்பு என்கிறார். மாமியார், 'முயல்தானே, நாலு கேரட்டைப் போட்டுவிட்டு வா' என்கிறார். எனக்குப் போகவே மனமில்லை. பயணத்தை விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

பயணத்தை விட வேண்டாம். மாமியாரைக் காசிக்கு அழைத்துப் போகும் வாய்ப்பு அடிக்கடி வராது. சிட்டுவை விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் டீச்சரம்மாவிடம் விட்டுவிட்டுப் போங்கள், அதுவும் உங்கள் வீட்டிலேயே. அவர் சொன்ன இரண்டு வேளையை மட்டும் மூன்று வேளையாக்க வேண்டும். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் கணவரும் படிக்கட்டும். அவர் ஹாஸ்டலைச் சொல்வதும் சிட்டுவின் மேல் உள்ள அக்கறையால்தான்.

முதலில் முயலின் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நாய் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தால் நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. முயல் அப்படி இல்லை. அதன் குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தின்ற புல்லில் உள்ள நார் குடலைத் தள்ளிக்கொண்டே போகும். செரிக்கக்கூடிய பகுதி சீக்கம் என்ற பெரிய குடற்பைக்குள் போய் நொதிக்கும். அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் முயலுக்குச் சமையல்காரர்கள். உள்ளே வருவது நின்றால் குடல் அசைவு மந்தமாகும், நீர் வற்றும், வாயு சேரும், வலிக்கும். வலித்தால் முயல் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் ஒரே நாளில் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் 12 மணி நேரமாக எதையும் தின்னாத, புழுக்கை போடாத முயலை அவசர நோயாளியாகவே நாங்கள் பார்க்கிறோம்.

இப்போது டீச்சரம்மாவின் கணக்கைப் பாருங்கள். மாலை 6 மணிக்கு வந்து போகிறார். மறுநாள் காலை 7 மணிக்கு வருகிறார். நடுவில் 13 மணி நேரம். மாலை அவர் கதவைச் சாத்திய பத்தாவது நிமிடம் சிட்டு சாப்பிடுவதை நிறுத்தியிருந்தால், தெரியவரும்போதே நேரம் கடந்திருக்கும். இரவு 10 மணிக்கு ஒரு தரம் வந்து பார்த்தால் இந்த இடைவெளி 9 மணி நேரமாகக் குறைந்துவிடும். அவருக்கு மாடி ஏறுவது சிரமம் என்றால், நம்பிக்கையான கல்லூரிப் பிள்ளை யாராவது இருந்தால் இரவில் உங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முயல்கள் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அந்த இரண்டு நேரமும் யாராவது வீட்டில் இருந்தால் மிகவும் நல்லது.

ஹாஸ்டல் ஏன் வேண்டாம் என்கிறேன்? அங்கே வேலை செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. நாய்களை மிக நன்றாகப் பார்த்துக்கொள்ளும் இடங்களை நானே சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் முயல் இரை விலங்கு. நாயின் வாடையும் குரைப்பும் அதன் உடம்புக்கு ஒரே செய்தியைத்தான் சொல்லும்: உன்னைத் தின்ன வந்திருக்கிறது. பயத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் குடல் அசைவைக் குறைத்துவிடும். இளம் முயல் இரண்டு நாளில் சமாளித்து எழுந்துவிடலாம். ஒரு கண்ணில் பார்வை மங்கி, பின்னங்கால் வலியோடு இருக்கும் சிட்டுவுக்கு ஓடி ஒளியவும் முடியாது, சத்தம் எங்கிருந்து வருகிறதென்று சரியாகப் பார்க்கவும் முடியாது.

கேமராவை நம்பி மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். காசியில் உட்கார்ந்து போனில் பார்த்தால் சிட்டு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருப்பது தெரியும். நன்றாக இருக்கும் முயலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும், வயிற்று வலியில் இருக்கும் முயலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். வலியை வெளியே காட்டினால் நரிக்கு இரையாகிவிடும் என்று பல்லாயிரம் வருடமாகப் பழகிய பிராணி அது. தட்டில் எவ்வளவு மிச்சம், புழுக்கை எத்தனை, என்ன அளவு என்பதையெல்லாம் பக்கத்தில் குனிந்து பார்க்கிறவர்தான் சொல்ல முடியும்.

இன்னொரு காரணம் மருந்து. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் முயலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. ஊருக்குப் போகும்போது நாய்கள் தங்கும் ஓர் இடத்தில் விட்டிருக்கிறார்கள். அங்கே உண்ணி வராமல் இருக்க எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே ஸ்பிரேயை அடிப்பது வழக்கம். நல்லெண்ணத்தில் முயலுக்கும் அடித்துவிட்டார்கள். பிப்ரோனில் என்ற அந்த மருந்து நாய்க்கு ஒத்துக்கொள்ளும். முயலுக்கு அது விஷம். வலிப்பு வரும், சாப்பாடு நிற்கும், உயிரும் போகும். அந்த முயலை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அதற்கப்புறம் முயல் வளர்க்கும் யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை. வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவையும் அப்படித்தான். மனிதருக்கும் நாய்க்கும் சர்வசாதாரணமான ஆன்டிபயாடிக். முயலின் சீக்கத்தில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சு உண்டாக்கும் கிருமிகள் பெருக இடம் கொடுத்துவிடும். எனவே சிட்டு யாரிடம் இருந்தாலும் சரி, அவளைப் பார்க்கும் மருத்துவர் எழுதித் தராத எந்த மருந்தும் உள்ளேயோ மேலேயோ படக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நாத்தனார் வீடு தூரம் என்று பார்த்தால் பக்கம்தான். பிள்ளைகள் அன்பாகவும் இருப்பார்கள். எனக்கு அந்த அன்புதான் பயம். முயலைத் தூக்கத் தெரியாமல் தூக்கி, அது காலை உதறினால், அந்த உதறலிலேயே முதுகெலும்பு முறிந்துவிடலாம். அவ்வளவு மெல்லிய எலும்பு, அவ்வளவு வலுவான பின்னங்கால் தசை. கூடவே நாயும் இருக்கிறது. புது இடத்தில் கண் மங்கிய முயல் தண்ணீர்க் கிண்ணம் எங்கே என்று தேடவே இரண்டு நாள் ஆகும். உங்கள் வீட்டில் அவள் மூக்காலும் மீசையாலும் வழி அறிந்துவைத்திருக்கிறாள். அந்த வரைபடத்தை அவளிடமிருந்து எடுத்துவிட வேண்டாம். கூடவே அழைத்துப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். மே மாதத்தில் இரண்டு நாள் ரயில் பயணம் இந்த வயதில் அவளுக்கு ஆகாது.

சரி, டீச்சரம்மா என்று முடிவாகிவிட்டது. இனி செய்ய வேண்டியவை.

ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் சிட்டுவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கடைவாய்ப்பல் ராவ வேண்டியிருந்தால் அப்போதே ராவிவிட வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் கூடவே கூடாது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லை ராவிய பிறகு முயல் பழையபடி சாப்பிடச் சில நாட்கள் ஆகலாம். அந்த நாட்களில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதே நேரத்தில், முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. உங்கள் மூன்று மாதக் கணக்கு பயணத்தின் நடுவில் வந்து விழுந்தால், வளர்ந்த பல் நாக்கிலோ கன்னத்திலோ குத்தி, சாப்பாடு நின்றுவிடும். ஆகையால் தேதியை முன்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

சிட்டுவுக்குக் கருப்பை எடுத்த விவரம் உங்கள் கடிதத்தில் இல்லை. எடுக்கவில்லை என்றால் மருத்துவரிடம் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் ஸ்கேனும் எடுங்கள். கருத்தடை செய்யாத வயதான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகவும் சகஜம். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு காரணம் அதுவாக இருக்கலாம். சிறுநீர் சில சமயம் செங்கல் நிறத்தில் போவது தின்ற தழையின் நிறமாகவும் இருக்கலாம். எது எது என்று சோதித்துத் தெரிந்துகொண்டு கிளம்பினால், டீச்சரம்மா ஒரு நாள் செந்நிறச் சிறுநீரைப் பார்த்து அலறி அடித்துப் போன் செய்யும்போது நீங்களும் பதற வேண்டியிருக்காது.

ஒரு வார்த்தை மருத்துவர்களைப் பற்றி. நாங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் முயல் பண்ணைப் பாடத்தில்தான் வரும். சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை என்ற இனங்கள், குட்டி ஈனும் கூடு, தீவனக் கணக்கு, 12 வாரத்தில் 2 கிலோ எடை. பண்ணையில் முயலுக்கு 9 வயது என்ற பேச்சே கிடையாது. வீட்டுக்குள் முதுமை அடைந்த முயலை நாங்கள் பார்க்கத் தொடங்கியதே பின்னால்தான். எனவே ஊரில் நல்ல மருத்துவர் என்று பெயர் எடுத்தவர்கூட வயதான முயலை அதிகம் பார்க்காதவராக இருக்கலாம். சிட்டுவின் பல்லை ராவுகிறவரிடமே, மே 10 முதல் 20 வரை ஊரில் இருப்பீர்களா, இல்லையென்றால் முயலை யாரிடம் காட்டலாம் என்று கேட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வேறு எந்த ஏற்பாட்டைவிடவும் இது முக்கியம்.

அடுத்தது வெயில். நீங்கள் போகும் நாட்கள் முழுக்கக் கத்திரிக்குள் வருகின்றன. முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை முக்கியமாகக் காது வழியாகத்தான் வெளியேற்றும். அதன் முன்னோர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் நிலத்துக்குள் வளை தோண்டி, பகல் சூட்டில் உள்ளே பதுங்கி வாழ்ந்தவை. இங்கே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் முயல் வளர்ப்பதும் கொடைக்கானல் மலையில், மன்னவனூர்க் குளிரில்தான். 20 டிகிரிக்கு ஒட்டிய சூடு முயலுக்குச் சுகம். 30 டிகிரியைத் தாண்டினால் திணறும். மதுரையில் மே மாதம் 40 டிகிரி சாதாரணம். காலை 10 முதல் மாலை 6 வரையாவது அறையில் ஏசி 26-இல் ஓட வேண்டும். காற்று அவள் மேல் நேராக அடிக்கக் கூடாது.

ஏசி மட்டும் போதாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாள் உங்கள் பகுதிக்கு எப்போது வருகிறது என்று கேட்டு டீச்சரம்மாவிடம் சொல்லுங்கள். அன்று சிட்டுவைக் கீழ்த்தளத்துக்கு, அவர் வீட்டுக்கே கொண்டு போய்விடலாம். மொட்டை மாடிக்கு அடியில் இருக்கும் உங்கள் வீட்டைவிட அது குளிர்ச்சியாகத்தான் இருக்கும். பிரீசரில் நான்கு தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்துவிட்டுப் போங்கள். துண்டில் சுற்றி அவள் பக்கத்தில் வைத்தால் தானே வந்து சாய்ந்துகொள்வாள். தண்ணீரில் ஊறிய தரை ஓடு ஒன்றையும் போட்டுவைக்கலாம். காதைக் குளிர்ந்த நீரில் நனைத்த கையால் தடவிவிடலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கைச் சுற்றி ஈரமானாலோ, தள்ளாடினாலோ உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அப்போதும் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுக்கக் கூடாது. அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும்.

சாப்பாட்டில் பயணத்துக்கு முன்பும் பயண நாட்களிலும் எந்தப் புதுமையும் வேண்டாம். அவள் தின்னும் அதே காய்ந்த புல், அதே பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்), அதே தழை. 11 நாளுக்குத் தேவையானதைப்போல ஒன்றரை மடங்கு வாங்கி வைத்துவிடுங்கள். தீர்ந்துபோய் வேறு பிராண்டு வாங்கினால் அவளும் தின்ன மாட்டாள், வயிறும் கெடும். கொத்தமல்லியும் புதினாவும் தினம் புதிதாக வர வேண்டும். அருகம்புல் கிடைத்தால் அருமை. டீச்சரம்மா பாசத்தில் முருங்கைக்கீரையை அள்ளிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரைமசால் என்ற தீவனப் பயிரும் முருங்கையும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை. முயலின் உடம்பு கிடைக்கிற சுண்ணாம்பையெல்லாம் உறிஞ்சிவிட்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். வயதான முயலில் அது மூத்திரப்பையில் சேறு போலத் தங்கிவிடும். மாமியார் சொன்ன நாலு கேரட்டையும் வைக்க வேண்டாம். கேரட் முயலுக்கு இனிப்புப் பண்டம் மாதிரி, விரல் நுனி அளவு போதும்.

தண்ணீரைப் பாட்டிலில் வைப்பதாக இருந்தால் கனமான மண் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். கழுத்தை உயர்த்தி உறிஞ்சுவது மூட்டு வலி உள்ள முயலுக்குச் சிரமம். இந்த எடையுள்ள முயல் ஒரு நாளில் 100 முதல் 250 மில்லிலிட்டர் வரை குடிக்கும். டீச்சரம்மா காலையில் ஒரே டம்ளரால் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அதே டம்ளரில் பார்த்தால் போதும்.

வலி மருந்து உங்களுக்கு மெலாக்சிகாமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சிரிஞ்சில் அளவுக்கோடு சிறியது, வயதான கண்ணுக்குத் தெரியாது. சரியான கோட்டின் மேல் சிவப்பு டேப்பை ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் கொடுத்ததும் காலண்டரில் அந்தத் தேதியை அடித்துவிட வேண்டும். நான் கொடுத்தேன், நீ கொடுத்தாய் என்று இரட்டை வேளை போய்விடக் கூடாது. சிட்டு சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் அன்று மருந்தைக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நீர் வற்றிய உடம்பில் அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இனி டீச்சரம்மா தினமும் பார்க்க வேண்டியது. நான் இதைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறேன். முதல் வேலை புழுக்கை. ஆரோக்கியமான முயல் ஒரு நாளில் 200, 300 புழுக்கை போடும். எண்ண வேண்டாம். தினமும் காலையில் டிரேயைத் துடைத்துவிட்டு, அடுத்த நாள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தாலே பழகிவிடும். ஒரே சீராக, உருண்டையாக, உடைத்தால் உள்ளே காய்ந்த புல்லாக இருந்தால் நல்லது. மிளகு அளவுக்குச் சிறுத்தாலோ, முடியால் கோத்த மாலை போல வந்தாலோ, குறைந்தாலோ அன்றே எனக்கோ உங்கள் மருத்துவருக்கோ தெரிய வேண்டும். சில சமயம் திராட்சைக் கொத்து போலப் பளபளப்பான, மென்மையான புழுக்கை கிடக்கும். அது நோயால் வருவது இல்லை. முயல் பின்பக்கத்தில் வாய் வைத்து நேராகத் தின்றுவிட வேண்டிய சத்துள்ள புழுக்கை அது. மூட்டு வலியால் சிட்டுவால் குனிந்து தின்ன முடியாமல் தரையில் விட்டிருப்பாள். அடிக்கடி அப்படிக் கிடந்தால் வலி மருந்து போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பின்பக்கம். குனிந்து சுத்தம் செய்துகொள்ள முடியாத முயலுக்கு அங்கே ஈரமும் அழுக்கும் சேரும். கோடையில் ஈ வந்து முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். உயிரோடு இருக்கும் தசையையே தின்னும். எத்தனையோ அன்பான வீடுகளில் இதைப் பார்த்துக் கலங்கியிருக்கிறேன். வாலுக்கு அடியில் தினம் இரண்டு முறை பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். குளிப்பாட்டக் கூடாது. ஜன்னலில் கொசுவலை இருக்கட்டும். நீங்கள் கிளம்பும் முன் பின்பக்க முடியை மருத்துவரிடம் சொல்லிக் குட்டையாகக் கத்தரித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

எடைக்குச் சமையலறைத் தராசே போதும். ஒரு தாம்பாளத்தில் துண்டு விரித்து உட்கார வைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை எழுதி வைக்கச் சொல்லுங்கள். 1.8 கிலோவில் 100 கிராம் குறைவது நமக்கு அற்பமாகத் தெரியும். 55 கிலோ உள்ள ஒருவர் ஒரே வாரத்தில் 3 கிலோ இளைத்ததற்குச் சமம் அது.

தட்டில் வைத்த கொத்தமல்லியைக்கூட மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், பல்லை நறநறவென்று கடித்தால், முதுகைக் கூனி வயிற்றைத் தரையில் அழுத்தி உட்கார்ந்தால், டீச்சரம்மா யாரையும் கேட்காமல் முதலில் மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். உங்களுக்குச் சொல்வது இரண்டாவது. பெல்லட்டை வெந்நீரில் ஊற வைத்து அரைத்து சிரிஞ்சில் ஊட்டும் முறையை அவருக்கு முன்பே காட்டிக் கொடுங்கள். மருத்துவர் சொன்னால் ஊட்டலாம். ஆனால் வயிறு பந்து போல இறுகி உப்பியிருந்தால் எதையும் ஊட்டக் கூடாது. குடல் அடைத்திருக்கலாம்.

இவ்வளவையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் மட்டும் பழகிவிடாது. ஏப்ரல் மாதத்திலேயே ஒரு சனி, ஞாயிறு நீங்கள் குடும்பத்தோடு வெளியூர் போய்விடுங்கள், கோவைக்கு மகளைப் பார்க்கவே போகலாம். அந்த இரண்டு நாளும் டீச்சரம்மா தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். எங்கே தடுமாறுகிறார் என்று அப்போதே தெரிந்துவிடும். மருந்து கொடுக்கும்போது சிட்டு முரண்டு பிடிக்கிறாளா, இரவு 10 மணிக்கு அவருக்குப் படியேற முடிகிறதா, சாவி சரியாகத் திறக்கிறதா என்பதெல்லாம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தால் தெரியாது. அந்த இரண்டு நாளில் சிட்டுவின் சாப்பாடு பாதியாகக் குறைந்தால், என் முடிவும் மாறும். அப்போது முயல்களைத் தனி அறையில் வைத்து, நாய்ச் சத்தம் எட்டாத இடத்தில் பார்க்கும் மருத்துவமனை இருந்தால் அங்கே உள்நோயாளியாகச் சேர்ப்பதுதான் சரி. தினம் ஊசியோ டிரிப்ஸோ சிரிஞ்ச் உணவோ தேவைப்படும் முயலுக்கும் அதுதான் வழி. பக்கத்து வீட்டாரிடம் அந்தப் பாரத்தைச் சுமத்தக் கூடாது.

டீச்சரம்மா போல ஒருவர் அமையாத மற்ற வாசகர்கள் தங்கும் இடம் தேடினால், போய்ப் பார்க்காமல் போனிலேயே முடிவு செய்யாதீர்கள். முயல் ஒரு நாள் சாப்பிடவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "பழகிவிடும், மறுநாள் சாப்பிடும்" என்று பதில் வந்தால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். கம்பித் தரை உள்ள கூண்டில் வைக்கிறார்களா என்றும் பாருங்கள். பூனைக்கும் நாய்க்கும் இருப்பதுபோல முயலின் பாதத்துக்கு மெத்தை கிடையாது, வெறும் முடிதான். வயதான முயலுக்குக் கம்பியில் நின்றே பாதம் புண்ணாகிவிடும். பிற முயல்களோடு ஒரே இடத்தில் விடக் கூடாது. வீட்டில் இரண்டு முயல் ஜோடியாகப் பழகியிருந்தால், ஒன்றை மட்டும் அனுப்பக் கூடாது. எங்கே போனாலும் இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

கடைசியாக, நீங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்று. கேட்கப் பயந்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. 9 வயது முயலுக்குக் கணிசமான வயது. நன்றாக வளர்க்கும் வீடுகளில் 10, 12 வயது வரை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இந்த 11 நாளில் அவளுக்கு ஏதாவது நேர்ந்துவிடலாம். நீங்கள் கூடவே இருந்தாலும் நேரக்கூடியதுதான் அது. அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்ற முடிவை டீச்சரம்மாவின் தலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எழுபது வயதில், இரவில், அடுத்தவர் வீட்டுப் பிராணியைக் கையில் வைத்துக்கொண்டு, காசியில் எடுக்காத போனுக்கு முயன்றுகொண்டே அவர் தவிக்கக் கூடாது.

மருத்துவரிடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் சிகிச்சையைத் தொடங்கலாம், மயக்க மருந்து கொடுப்பதானால் இன்னாரைக் கேளுங்கள், இவ்வளவு தொகை வரை செலவழிக்கலாம், பணத்தை முன்பே கட்டிவிட்டோம் என்று எழுதுங்கள். மீட்க முடியாத வலியில் இருக்கிறாள் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னால் கருணை மரணம் கொடுக்கலாமா, கூடாதா என்பதையும் எழுதுங்கள். எந்தப் பதிலும் தவறில்லை, பதில் இல்லாமல் போவதுதான் கூடாது. இறந்துவிட்டால் நீங்கள் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், எங்கே அடக்கம் செய்வது என்றும் சொல்லிவிடுங்கள். உங்கள் மகளை இந்தப் பேச்சில் கட்டாயம் உட்கார வையுங்கள். நான்காம் வகுப்பிலிருந்து அவள் வளர்த்த பிராணி. பயணத்தின் நடுவில் இப்படி ஒரு செய்தி வந்தால் உடனே தெரிய வேண்டுமா, திரும்பி வந்த பிறகு தெரிந்தால் போதுமா என்று அவளையே கேளுங்கள். பெரியவர்களாக நாம் முடிவெடுத்து மறைத்ததைப் பல வருடம் கழித்தும் மறக்காத பிள்ளைகளை நான் அறிவேன்.

பயணம் கிளம்பும் அன்று பெட்டிகளைச் சிட்டு இருக்கும் அறையில் வைத்துக் கட்ட வேண்டாம். வழக்கமான நேரத்தில் சாப்பாடும் மருந்தும் கொடுங்கள். நீங்கள் கட்டியிருந்த பழைய பருத்திச் சேலை ஒன்றைத் துவைக்காமல் அவள் படுக்கும் இடத்தில் போட்டுவிடுங்கள். திரும்பி வந்ததும் உங்களைக் கண்டுகொள்ளாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வருந்த வேண்டாம், ஓரிரு நாள் அப்படித்தான் இருப்பாள். தூக்கிக் கொஞ்சுவதற்கு முன் எடையைப் பாருங்கள்.

பயண நாட்களில் தினமும் காலை 7 மணிக்குப் பிறகு, டீச்சரம்மா டிரேயைத் துடைத்து முடித்த நேரத்தில் போன் செய்யுங்கள். "சிட்டு எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டால் "நல்லா இருக்கா" என்றுதான் சொல்வார், உங்களைக் கவலைப்படுத்த அவருக்கு மனம் வராது. நேற்று இரவு வைத்த புல்லில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்